மாரீஸ்வரி படித்த சேவுக்கடைக்காரர்

சாத்தூரிலிருந்து கோட்டூரணிக்குப் பஸ் ஏறினால், ஊர் வந்துவிட்டதா என்று யாரையும் கேட்க வேண்டாம், எண்ணெயில் மிளகும் பூண்டும் பொரிகிற வாசம் மூக்கைப் பிடித்து இழுக்கிற இடத்தில் இறங்கிக்கொண்டால் போதும், எதிரே சீனிச்சாமியின் சேவுக்கடை. அந்தக் கடையில் கால் கிலோ காராச்சேவு வாங்கி, பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே இந்தக் கதையைக் கேட்கிறவர்களுக்கு எந்தச் சந்தேகமும் வருவதில்லை. வாய் சும்மா இருக்கிறவர்களுக்குத்தான் இப்படியும் நடக்குமா என்று கேட்கத் தோன்றும். அவர்கள் முதலில் போய்ச் சேவு வாங்கிக்கொண்டு வரட்டும்.

சீனிச்சாமியைச் சட்டையோடு பார்த்தவர்கள் ஊரில் கிடையாது. கல்யாணத்தன்றுகூடப் பட்டுச் சட்டையைத் தாலி கட்டுகிறவரைக்கும் போட்டிருந்தார், கட்டி முடித்ததும் கழற்றி மச்சினன் தோளில் போட்டுவிட்டுப் பந்திக்குப் போனார் என்று சொல்வார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று, ஓட்டைத் தட்டில் கடலைமாவைத் தேய்த்துத் தேய்த்து இறக்குகிற மனிதனுக்குச் சட்டை எதற்கு. இடுப்பில் ஒரு வேட்டி, தோளில் ஒரு துண்டு, இரண்டுக்கும் நடுவில் மழமழவென்று ஒரு தொப்பை, அதுதான் கடைக்கு போர்டு.

ஒட்டினாற்போல அடுத்த கடை அவர் சம்சாரம் மாரீஸ்வரியுடையது, ஜெராக்ஸ் கடை. பிள்ளைகுட்டி இல்லாத வீடு என்பதால் இரண்டு பேரும் விடிந்தால் கடை, அடைந்தால் வீடு. மாரீஸ்வரி பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து நல்ல மார்க்கும் வாங்கியவள். டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றபோது அவள் அப்பா, பெண்கள் கல்லூரி பஸ் நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது என்பதைத் தவிர வேறொரு காரணமும் சொல்லாமல் பி.காம். சேர்த்துவிட்டார். படித்தாள், பட்டம் வாங்கினாள், கல்யாணம் பண்ணினாள், ஜெராக்ஸ் மெஷினுக்கு மை ஊற்றினாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீட் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் விதிமுறைத் தாளில் எழுத மேல்வயது வரம்பு இல்லை என்று இருப்பதைப் பார்த்தாள். நம்பிக்கை வராமல், அந்த வரியை மட்டும் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தாள். பெரிய எழுத்திலும் அப்படித்தான் இருந்தது. முப்பதைத் தாண்டி மூன்று நாலு வருஷம் ஆன தன்னுடைய போட்டோவை அன்று மத்தியானமே ஏற்றிவிட்டாள்.

முதல் வருஷம் கொஞ்சத்தில் தவறிப்போனது. "இன்னொரு தடவை பாக்குறேன். இதுதான் கடைசி, இதுலயும் இல்லேன்னா பேசாம லேமினேஷன் மெஷின் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டு உக்காந்துர்றேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு மறுபடி புத்தகத்தைத் திறந்தாள். பயிற்சி மையம், டியூஷன் எதுவும் இல்லை. மெஷினில் மை அப்பி வீணாய்ப் போன தாள்களைச் சேர்த்துத் தைத்து, சேவுக்கடை பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் பழகின மாதிரியே வாய்விட்டுப் படித்தாள். அவள் ராகத்துக்குத் தோதாகச் சீனிச்சாமி மாவு தேய்த்தார்.

தை மாதம் ஒரு காலையில், ஜீரண மண்டலத்தை அவள் திக்காமல் திணறாமல் முழுசாக ஒப்பித்து முடித்த நேரத்தில், எதிர்த்த டீக்கடை சோலையப்பன் டம்ளரோடு உள்ளே வந்தார். சீனிச்சாமிக்கு அக்கா மாப்பிள்ளை முறை, அதனால் எதையும் சொல்கிற உரிமை உள்ளவர். டீயை வைத்தார், தொப்பையைப் பார்த்தார், குனிந்து இன்னொரு தடவை பார்த்தார்.

"மாப்ளே, காலைல பொங்கலா?"

"ஆமா மச்சான். எப்படித் தெரியும்?"

"முந்திரிப்பருப்பு மெதக்குது."

சீனிச்சாமி குனிந்து பார்த்தார். மார்புக்கூட்டுக்குக் கீழே, தொப்புளுக்கு ஒரு சாண் சுற்றி, தோலும் சதையும் மிட்டாய்க்கடைக் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. உள்ளே இரைப்பை சுருக்குப் பையாய்ச் சுருங்கி விரிந்தது, பக்கத்தில் கல்லீரல் செங்கல் நிறத்தில் படுத்திருந்தது, அதன் அடியில் பச்சையாய்ப் பித்தப்பை, அதற்குக் கீழே குடல் சுருள் சுருளாய், சட்டியில் வேகிற சேவு மாதிரியே மெதுவாகப் புரண்டுகொண்டிருந்தது. வலி இல்லை. லேசாகக் குளிர்ந்தது, அவ்வளவுதான். எண்ணெய் காய்ந்துவிட்டதால் அவர் அடுத்த ஈடைத் தேய்க்கத் தொடங்கினார். மாரீஸ்வரி மட்டும் எழுந்து வந்து, பேனாவின் மூடியால் தொட்டுத் தொட்டு முன்சிறுகுடலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று போய் உட்கார்ந்தாள்.

அப்புறம் இது வழக்கமாகிவிட்டது. எந்தப் பாடத்தை அவள் பிசகில்லாமல் மனசில் ஏற்றிக்கொள்கிறாளோ அந்த இடம் அவர் உடம்பில் தெளியும். மறக்கத் தொடங்கினால் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி மங்கும். எலும்புப் பாடம் முடிந்த வாரத்தில் முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் ஒன்றின்மேல் ஒன்று உருண்டு திரும்புவதை, சேவு நிறுத்து வாங்க வந்தவர்கள் தராசை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாவரவியலும் வேதியியலும் ஊர் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற சீனிச்சாமி உடம்பில் பிடிக்கவில்லை. இயற்பியலும் அப்படித்தான், மின்னோட்டப் பாடம் படித்த அன்றைக்கு மட்டும் அவர் மீசை மயிர் நட்டுக்குத்தலாக நின்றது, சாயங்காலம் தானே படிந்துவிட்டது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், கோட்டூரணி எதையும் எடுத்துக்கொள்கிற மாதிரிதான், முதலில் எனக்கென்ன ஆதாயம் என்று பார்த்தது. மெல்லாமல் விழுங்குகிற பிள்ளைகளைத் தாய்மார்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, "பாரு, மாமா எப்படி அரைச்சுத் திங்கிறாரு, உள்ள போயி எப்படிக் கூழாகுதுன்னு பாரு" என்று காட்டினார்கள். உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை பிரிஸ்கில்லா டீச்சர் எட்டாம் வகுப்பை வரிசையில் நிறுத்திக் கூட்டிவந்து, கரும்பலகைக் குச்சியால் அவரைச் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்தினார். போகும்போது ஆளுக்கொரு பொட்டலம் வாங்கச் சொன்னது நல்ல பழக்கம். வார்டு மெம்பர் வந்து, கடை முகப்பில் புதிதாகக் கண்ணாடி வைப்பதற்கு அனுமதி வாங்கியாயிற்றா என்று விசாரித்துவிட்டு, அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

ஊர் ஆண்பிள்ளைகளுக்குத்தான் பயம் பிடித்தது. பொண்டாட்டி படித்தால் புருஷன் தெளிவான் என்றால், தங்கள் வீட்டில் என்னென்ன தெரியவரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, சிலபேர் தங்கள் சம்சாரத்தை ஜெராக்ஸ் கடைப் பக்கமே போகவிடவில்லை. அந்தச் சம்சாரங்களோ எங்கிருந்தோ ஒரு உயிரியல் புத்தகத்தை வாங்கிவந்து, பிரிக்காமலே சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். அதுக்கே பலன் இருந்தது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாட்டிலோடு ஒதுங்குகிற கூட்டம் பாதியாய்க் குறைந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஆசை இருந்தது. கோட்டூரணியில் டாக்டர் கிடையாது, தேள் கடித்தாலும் பிரசவ வலி எடுத்தாலும் சாத்தூருக்குத்தான் ஓட வேண்டும். மாரீஸ்வரி டாக்டர் ஆனால் ஊருக்கே ஆச்சு. அதனால் எல்லோருமே அண்ணாச்சியைக் கண்காணித்தார்கள். "ஏத்தா மாரீஸ்வரி, அண்ணாச்சிக்கு இடது கிட்னி மங்குதே, திருப்பிப் பாக்கலையா?" என்று காய்கறிக்காரி போகிற போக்கில் கேட்பாள். மாரீஸ்வரி அன்றைக்கே சிறுநீரகத்தை மறுபடி எடுத்துப் படிப்பாள்.

வம்பு வந்தது சோலையப்பன் வாயால். பங்குனி மாசம் ஒருநாள் டீக்கடையில் சீனிச்சாமி இட்லி தின்றுகொண்டிருக்க, சுற்றி நாலு பேர் அது இறங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, அவர் கேட்டார்: "சரி மாப்ளே, சீட்டு கெடைச்சா எங்க போடுவான்?"

"எங்கயோ. எனக்கென்ன தெரியும்."

"வடக்க எங்கயாச்சும் தள்ளிப் போட்டுருவான்யா. அஞ்சரை வருஷம். ஆஸ்டல்ல இருக்கணும். நீ என்ன பண்ணுவ?"

"போகட்டும். எனக்கென்ன, நான்பாட்டுக்குச் சேவு போட்டுக்கிட்டு இருப்பேன். சந்தோஷம்தான்."

இப்படி அவர் வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உணவுக்குழாயில் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்த இட்லி பாதி வழியில் நின்றது. இரைப்பை கசக்கிப் பிழிந்த துணி மாதிரி சுருண்டது. குடல் புரள்வதை நிறுத்தியது. சோலையப்பனே டம்ளரில் தண்ணீர் மோந்து கொடுத்து, "குடி மாப்ளே, இறங்கிரும்" என்றார்.

வயிறே இப்படிக் காட்டிக்கொடுத்தால் மற்றது என்ன செய்யும் என்ற பயம் அன்றைக்கு அவருக்குள் நுழைந்தது. மாரீஸ்வரி கஷ்டமான பாடத்தைக் கடைசிக்கு வைக்கிறவள், இதயத்தையும் ரத்த ஓட்டத்தையும் இன்னும் தொடவில்லை. "வர்ற திங்கக்கெழம ஹார்ட்டு ஆரம்பிக்கிறேங்க" என்று அவள் சொன்ன அன்று, சீனிச்சாமி வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறி, கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போனபோது வாங்கின பச்சை ஸ்வெட்டரை எடுத்தார். நெஞ்சுக்கு நேரே எதிரும்புதிருமாக இரண்டு மான் பின்னியிருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷச் சேவு உடம்பில் ஏறியிருந்ததால், போட்டதும் இரண்டு மானும் விலகி வேறு வேறு திசைக்குப் போயின. ஸ்வெட்டர் நெஞ்சை மட்டும் மூடியது, தொப்பையும் முழங்கைக்குக் கீழே கையும் வெளியேதான் இருந்தன.

சித்திரை வெயிலில், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால், கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்ற சீனிச்சாமியைக் கோட்டூரணி வேடிக்கை பார்த்தது. வயிறு தெளிந்ததற்கு ஆச்சரியப்படாத ஊர் இதற்கு ஆச்சரியப்பட்டது. குளிர்காய்ச்சல் என்றார்கள் சிலர். நெஞ்சில் வேறு எவள் பெயரையோ பச்சை குத்தியிருக்கிறார், அது உள்பக்கமாகத் தெரிகிறது என்றார்கள் சிலர். வேர்வை முழங்கை வழியாக ஓடி மாவில் இறங்கியதில் சேவு உப்புக் கரித்தது. வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவர் ஸ்வெட்டரை மட்டும் கழற்றவில்லை, குளிக்கும்போது கதவைத் தாழ்போட்டுக்கொண்டார், தூங்கும்போதும் மானோடு தூங்கினார்.

"ஏங்க, ஒரே ஒரு தடவை காட்டுங்க. தெளிஞ்சிருக்கான்னு பாத்துக்கிர்றேன்."

"தெளிஞ்சிருக்கு, தெளிஞ்சிருக்கு. நான் பாத்துட்டேன்."

"நீங்க பாத்தா எப்படி? வால்வு எந்தப் பக்கம் எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாம் அதது எடத்துல இருக்கு. நீ அடுத்ததைப் படி."

கண்ணால் பார்த்தே பழகிப்போனவளுக்கு, பார்க்காமல் நம்பிக்கை வரவில்லை. இதயத்தையே திரும்பத் திரும்பப் படித்தாள். மற்றதெல்லாம் விட்டுப்போனது. ஈரல் மங்கியது, கணையம் காணாமல்போனது, கை எலும்பு இரண்டும் பால் பாட்டிலில் போட்ட குச்சி மாதிரி ஆயின. பரீட்சை நெருங்க நெருங்க ஊர் பதறியது. காய்கறிக்காரியும் பிரிஸ்கில்லா டீச்சரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து கடைக்கே வந்துவிட்டார்கள்.

"சீனிச்சாமி, அந்தப் பொண்ணு வாழ்க்கைல விளையாடாதீங்க. கழட்டுங்க" என்றார் டீச்சர்.

"குளிருது டீச்சர்" என்றார் சீனிச்சாமி, மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்ட.

பரீட்சைக்கு விருதுநகரில் சென்டர். சாத்தூரில் பஸ் மாறுகிற கஷ்டம் வேண்டாம் என்று சோலையப்பன் தன் சின்ன வேனில் கூட்டிப்போனார். வாசலில் அரைக்கைச் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் பிள்ளைகள் கூட்டம், அவர்களைவிடப் பதற்றமாகப் பெற்றவர்கள் கூட்டம், அத்தனை பேருக்கும் நடுவில் கம்பளி போட்ட ஒரே ஆள் சீனிச்சாமி. உள்ளே ஒரு பொட்டு உலோகம் போகக்கூடாது என்பதால் மாரீஸ்வரி மூக்குத்தியைக் கழற்றினாள், தோட்டைக் கழற்றினாள், காலைத் தூக்கி அவர் முழங்காலில் வைத்து மெட்டியையும் இழுத்து எடுத்தாள், எல்லாவற்றையும் அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். வரிசைக்குப் போனாள். பாதி தூரம் போனவள் திரும்பி வந்தாள்.

"எல்லாம் மறந்துபோன மாதிரி இருக்குங்க. இந்த ஒண்ணு தெரிஞ்சிட்டா மத்ததெல்லாம் ஞாபகம் வந்துரும். காட்டுங்க."

"கேட்டை மூடப்போறாங்க, மாரி."

"காட்டுங்க."

அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, சீனிச்சாமி ஸ்வெட்டரைத் தலைவழியே உருவினார். முகம் கம்பளிக்குள் மாட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு நொடிதான் அவருக்கு ஒளிந்துகொள்ளக் கிடைத்த கடைசி இடம். பிறகு வெளியே வந்துவிட்டார்.

மார்பு, பொங்கல் முடிந்து விளக்கிவைத்த வெண்கலப் பானை மாதிரி துலக்கமாக இருந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால், கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து, கைப்பிடி அளவில் அது துடித்துக்கொண்டிருந்தது. மாரீஸ்வரி கிட்டே வந்தாள். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, மூவிதழ் வால்வு, ஈரிதழ் வால்வு என்று விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாலைந்து பிள்ளைகள் வரிசையைவிட்டு ஓடிவந்து சூழ்ந்துகொண்டன. "அக்கா, நுரையீரலுக்குப் போறது எதுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "அங்கிள், கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்புங்க" என்றான் ஒருவன். சோதனை போடுகிற அம்மா சத்தம் கேட்டு வந்து, "சார், இங்க பிட்டெல்லாம் காட்டக்கூடாது, சட்டையைப் போடுங்க" என்றார். "மேடம், என்னென்ன கொண்டுவரக்கூடாதுன்னு போட்டிருக்கீங்க, அதுல புருஷன்னு எங்கயும் இல்லையே" என்றார் சோலையப்பன். அந்த அம்மா கையிலிருந்த தாளைப் புரட்டத் தொடங்கினார்.

சீனிச்சாமி தணிந்த குரலில் சொன்னார்: "அது அடிக்கிற அடியைப் பாத்துட்டு நீ ஏதாச்சும் நினைச்சுக்காத."

"இதுல நினைக்கிறதுக்கு என்ன இருக்கு? இது வெறும் தசைங்க. பயந்தாலும் இப்படித்தான் அடிக்கும், மாடிப்படி ஏறினாலும் இப்படித்தான் அடிக்கும். அதுக்கு மேல இதுல ஒண்ணும் தெரியாது."

"தெரியாதா?"

"தெரியாது."

அவர் கையில் சுருட்டி வைத்திருந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். மாரீஸ்வரியும் பார்த்தாள்.

"ஆனா இந்த வெயில்ல கொடைக்கானல் ஸ்வெட்டரை எடுத்து மாட்டினீங்கல்ல, அன்னைக்கே தெரியும் எனக்கு. நான் போகக்கூடாதுன்னு நினைக்கிறீங்க."

"தெரிஞ்சுமா கேக்காம இருந்த?"

"கேட்டா போகாதன்னு சொல்லிருவீங்க. சொல்லிட்டா நான் போக மாட்டேன். அதான் கேக்கல." முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "இப்பக் கேக்குறேன். சொல்லுங்க."

உள்ளே அது ஒரு தடவை அடிக்க மறந்து, அப்புறம் இரண்டாகச் சேர்த்து அடித்தது. அத்தனை பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். சீனிச்சாமி மூக்குத்தியும் மெட்டியும் இருந்த கையை இறுக மூடிக்கொண்டார்.

"கேட்டை மூடுறான் பாரு. ஓடு" என்றார்.

அவள் ஓடினாள். அவள் உள்ளே மறைந்த கொஞ்ச நேரத்தில், ஈரல் தெளிந்தது, கணையம் தன் இடத்துக்கு வந்தது, எலும்புகள் ஒவ்வொன்றாக வரிசைக்கு நின்றன. பரீட்சை முடிகிறவரை வேப்பமரத்தடியில் வெறும் உடம்போடு நின்ற சீனிச்சாமியைச் சுற்றிப் பெற்றோர்கள் கூடிநின்று, "இப்ப நரம்பு மண்டலம் எழுதுறா போல", "இப்பக் கண்ணு" என்று பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வெகுநேரம் எதுவும் அசையவில்லை. "இயற்பியல்" என்றார் சோலையப்பன், எல்லாரும் தலையாட்டினார்கள்.

சீட்டுக் கிடைத்தது. சோலையப்பன் சொன்ன மாதிரியே வடக்கே, வெகுதொலைவில். சீனிச்சாமி கூடவே போய், ஹாஸ்டல் அறையில் பெட்டியை இறக்கி, ஒரு டின் சேவை அலமாரியில் வைத்து, பக்கத்துக் கட்டிலில் இருந்த சின்னப் பெண்ணிடம் "அக்காவைப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு, போகும்போது போட்ட சட்டையைக் கழற்றாமலே திரும்பிவந்தார்.

வந்த நாளிலிருந்து அவர் மங்கத் தொடங்கினார். முதலில் குடல், பிறகு எலும்பு, கடைசியில் நெஞ்சும் மூடிக்கொண்டு, ஊரில் எல்லாருக்கும் இருக்கிற மாதிரி சாதாரணத் தோல் வந்துவிட்டது. புது இடம், புது ஜனம், பழைய பாடத்தை நினைக்க அவளுக்கு நேரம் ஏது என்று டீச்சர் சமாதானம் சொன்னார். போன் போட்டால் எடுப்பாள், நல்லாருக்கேன் என்பாள், யாரோ கூப்பிட, போனை வைத்துவிடுவாள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு யாரும் கடைக்கு வரவில்லை. "அண்ணாச்சி மூடிட்டாருப்பா" என்று சொல்லிக்கொண்டார்கள். ஜெராக்ஸ் கடைப் பூட்டைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சீனிச்சாமி அடுப்பைத் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கம் முதுகு காட்டி நின்று சேவு போட்டார்.

ஒருநாள் முற்பகல், ஓட்டைத் தட்டில் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது தோளில் குளிர்ந்தது. நமக்குத் தெரிந்த அதே குளிர்ச்சி. டீ கொண்டுவந்த சோலையப்பன் டம்ளரைக் கீழே வைக்க மறந்து நின்றார். கழுத்தடியில் வெள்ளையாய் நாலைந்து இழை புறப்பட்டு, ஒன்றோடொன்று பிரிந்து சேர்ந்து பிரிந்து, அக்குளுக்குள் சடை பின்னினாற்போல் பின்னி, அங்கிருந்து கை வழியாக இறங்கி விரல் நுனி வரைக்கும் ஓடியிருந்தது. இதுவரைக்கும் ஊர் பார்த்தது இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த பிரிஸ்கில்லா டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"நரம்புதான், ஆனா எதுன்னு எனக்குத் தெரியலப்பா. எங்க புத்தகத்துல இது இல்ல" என்றார்.

"என்ன மாப்ளே இது?"

"எனக்கென்ன மச்சான் தெரியும்" என்றார் சீனிச்சாமி. எண்ணெய் புகைந்தது, அவர் பார்க்கவில்லை. "இன்னைக்கு நடத்திருக்காங்க."

காய்கறிக்காரி கூடையை இறக்கி வைத்தாள். வார்டு மெம்பர் வண்டியை அணைத்தார். ஒரு இழை தெளிவதும், அடுத்தது தயங்குவதும், திரும்ப முதலிலிருந்து ஓடிவந்து அதுவும் தெளிவதுமாக இருந்த அந்தக் கையை, சீனிச்சாமி அசைக்காமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ பொட்டலம் கேட்டு வாயெடுத்தபோது, "ஸ்ஸ், படிச்சுக்கிட்டிருக்கா" என்று நாலு பேர் அடக்கினார்கள். சேவு வாங்க வந்தவர்கள் சேவு வாங்காமல், பஸ்ஸுக்கு வந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள்.

உச்சிப்பொழுதில் சுண்டுவிரல் பக்கம் லேசாக மங்கியது. அப்புறம் மணிக்கட்டு.

"என்னய்யா, மறக்குறாளா?" என்று சோலையப்பன் பதறினார்.

சீனிச்சாமி சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். அடுப்பைத் தணித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாப்பிடப் போயிருப்பா" என்றார். "நானும் போய் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வந்துர்றேன். வர்ற வரைக்கும் யாரும் எங்கயும் போயிறாதீங்க."